சேலம் சிறைக்கு வாக்குச்சீட்டு சொன்ன பதில்

நாடு குடியரசாகி 16 நாட்களே ஆகியிருந்தன. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்தியச் சிறையில் அடைபட்டிருந்த கம்யூனிஸ்ட் கைதிகள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 22 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் மலபாரிலிருந்து கொண்டுவரப்பட்ட விவசாயிகள். துப்பாக்கி நீண்டபோது ஓடித் தப்பக்கூட அவர்களுக்கு இடமில்லை.

அரசியல் தலைவரைக் கொல்வது எப்போதாவது நியாயமாகுமா? இந்தக் கேள்வியை அந்தச் சிறை மதிலுக்கு முன்னால் நின்று கேட்டால்தான் அதன் கனம் புரியும். செத்தவனின் தம்பி ஒருவன், “இந்த ஆட்சியை நடத்தியவரை நான் ஏன் விட்டுவைக்க வேண்டும்?” என்று கேட்டிருந்தால் அவனுக்கு என்ன பதில் சொல்லியிருப்போம்? பொறுத்துப் போ என்று சொல்வது அநியாயம். ஆனால் சொல்வதற்கு வேறொரு பதில் இருந்தது. இரண்டே ஆண்டில் மக்களே அதைச் சொன்னார்கள்.

தேர்தல் கேட்ட கணக்கு

கைதிகள் சுடப்பட்ட நாளில் சென்னை மாநில முதல்வராக இருந்தவர் பி.எஸ்.குமாரசாமி ராஜா. கம்யூனிஸ்ட் கட்சிக்குத் தடை இருந்தது. 1948இல் ஆயுதப் பாதையில் இறங்கிய கட்சிதான் அது. அதை மறைக்க வேண்டியதில்லை. 1951இல் அந்தப் பாதையை விட்டுத் தேர்தலுக்கு வந்தது. 1952 தேர்தலில் குமாரசாமி ராஜா தோற்றார். அமைச்சர்கள் பலரும் தோற்றார்கள். சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தவை 152. கம்யூனிஸ்ட்டுகள் 62 இடங்களைப் பிடித்தார்கள்.

அரிசித் தட்டுப்பாடு முதல் ரேஷன் கெடுபிடிவரை மக்களின் கோபத்துக்குக் காரணங்கள் பல. அந்தக் கோபம் அத்தனையும் வாக்குப் பெட்டியில் விழுந்தது. தடுப்புக் காவலை எதிர்த்து 1950இல் உச்ச நீதிமன்றம் போய்த் தோற்ற ஏ.கே.கோபாலனை, மலபாரின் கண்ணூர் மக்கள் மக்களவைக்கு அனுப்பினார்கள். 1957இல் கேரளத்தில் அவருடைய கட்சி ஆட்சியே அமைத்தது.

யாரோ ஒருவன் குமாரசாமி ராஜாவைச் சுட்டிருந்தால்? அடக்குமுறைக்கு நல்ல சாக்குக் கிடைத்திருக்கும். சிறையில் செத்த 22 பேருக்காக வாய் திறக்கவே ஊர் அஞ்சியிருக்கும். தோற்றுப்போன தலைவரிடம் கணக்குக் கேட்கலாம். கொல்லப்பட்டவரோ விசாரணைக்கு அப்பால் போய்விடுகிறார்; அவர் செய்த தவறுகளும் கூடவே போய்விடுகின்றன.

ஸ்ரீபெரும்புதூர் கொடுத்த விலை

1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். இலங்கையில் இந்திய அமைதிப்படை இழைத்த கொடுமைகளுக்குப் பழி என்று அதை நியாயப்படுத்தியவர்கள் உண்டு. அந்தக் கொடுமைகள் பொய்யல்ல. ஆனால் அன்று அவர் பதவியில் இல்லை. வாக்குக் கேட்டு மக்கள் முன் வந்திருந்தார். தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் எதிரிலேயே நின்றிருந்தார்கள். அவர்களுக்குரிய உரிமையை ஒரு குண்டு பறித்துக்கொண்டது. தொண்டர்களும் காவல் பணியிலிருந்த போலீஸாரும் அவரோடு மாண்டார்கள்.

பழி யார் தலையில் விடிந்தது? தமிழ்நாட்டில் ஈழத் தமிழர்மீது இருந்த பரிவு வற்றியது. போரிலிருந்து உயிர் தப்பி வந்து, சேலம், நாமக்கல் வட்டாரம் உட்பட மாநிலமெங்கும் முகாம்களில் தங்கிய குடும்பங்கள் சந்தேகக் கண்ணுக்கு ஆளாயின. சதியில் எந்தப் பங்கும் இல்லாதவர்கள் அவர்கள்.

வழியே இல்லாத இடத்தில்

1944 ஜூலை 20 அன்று ஹிட்லருக்குக் குண்டு வைத்த ஸ்டாஃபன்பர்க்கைக் கொலைகாரர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அங்கே சுதந்திரமான தேர்தல் இல்லை, சுதந்திரமான நீதிமன்றம் இல்லை, சுதந்திரமான பத்திரிகை இல்லை. வதை முகாம்களில் கொலை நாள்தோறும் நடந்துகொண்டிருந்தது. எல்லா வழியும் அடைபட்டு, பேரழிவு கண்முன் நடந்து, ஒருவரை நீக்கினால் அது நிற்கும் என்ற நிலை வந்தால் மட்டுமே இந்தக் கேள்விக்கு இடம் உண்டு.

1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனுக்கும் வாக்குரிமை இல்லை. வ.உ.சி. சிறையில் வதைபட்ட காலம், கோபம் புரிகிறது. ஆனால் ஒரு கலெக்டர் போனால் இன்னொருவர் வந்தார். தென்மாவட்டத்துப் புரட்சி இயக்கம்தான் வழக்குகளில் சிக்கி முடங்கியது. மாறாக, 1930இல் நாமக்கல் கவிஞர் எழுதிய பாடலைப் பாடிக்கொண்டு, ராஜாஜி தலைமையில் வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தவர்கள் கையில் ஆயுதம் எதுவும் இல்லை. மக்களைத் தங்கள் பின்னால் திரட்ட அவர்களால் முடிந்தது.

மக்கள் கையில் ஓட்டு இருக்கும்வரை தலைவரைக் கொல்வது கொலைதான். அதற்கு வேறு பெயர் கிடையாது. இதை உரக்கச் சொல்லும் ஆட்சியாளருக்கும் ஒரு கடமை உண்டு. சிறையில் கைதி செத்தால் நேர்மையான விசாரணை வேண்டும். எதிர்ப்பவரை வழக்கில்லாமல் அடைத்துவைக்கக் கூடாது. தேர்தலில் தில்லுமுல்லு கூடாது. இவற்றைக் காப்பாற்றாத அரசு கொலையைக் கண்டித்தால், அந்தச் சொல் செத்தவனின் தம்பி காதில் ஏறாது.