ஒலியா, பொருளா?

குற்றமற்ற சொல்லொன்று இழிசொல் போல் ஒலித்தால் அதனை விலக்கவேண்டுமா? இரண்டு நிகழ்ச்சிகளைக் கொண்டு ஆராய்வோம்.

1999-இல் வாஷிங்டன் மேயரின் உதவியாளர் டேவிட் ஹோவர்டு, நிதியைச் சிக்கனமாகவே செலவிட இயலும் என்ற கருத்தில் 'நிகர்ட்லி' என்றார். கஞ்சத்தனமாக என்பதே அதன் பொருள். கறுப்பின மக்களைப் பழிக்கும் சொல்லோ, கருமையைக் குறிக்கும் இலத்தீன் வேரில் பிறந்தது. இரண்டிற்கும் உறவில்லை. எனினும் எழுந்த சலசலப்பில் அவர் பதவி விலகினார். பின்னர் மேயரே அவரை மீண்டும் பணிக்கு அழைத்தார்.

அசாமில் சதியாவைத் தலைநகராகக் கொண்டு முன்னாளில் அரசாண்ட மக்கள் சுட்டியா இனத்தார். அசாமியர் நாவில் அது 'ஸுட்டியா'. ஆங்கில எழுத்திலோ, வடநாடு வந்ததும் நாம் முதலில் கற்கும் இந்தி வசைமொழிகளுள் ஒன்றுபோல் தோன்றும். 2012-இல் இப்பெயருடையோர் பலரின் கணக்குகளைப் பேஸ்புக் முடக்கிவிட்டது.

என் கருத்து இது: கஞ்சத்தனத்தைக் குறிக்க வேறு சொற்கள் பல உண்டு. கேட்பவர் நெஞ்சில் பழைய புண் இருப்பின் மாற்றுச் சொல்லை எடுப்பது பண்பு. எடுக்காதவரைத் தண்டிப்பது முறையன்று. பெயருக்கோ மாற்று இல்லை. அங்கே திருந்தவேண்டியது கேட்பவர் செவியே. நம் விடுதியில் அசாமிய நண்பரொருவர் தம் பெயரைச் சொல்லும்போது, தமிழ் மாணவரிடையே சிரிப்பொலி எழாதிருக்கட்டும்.