முன்பணம் வாங்கினால் ஆள் அடமானமா?



தை பிறந்து களத்து வேலை முடிந்தால், நம் தருமபுரி மாவட்டத்தில் மானாவாரி நிலத்தை நம்பியிருக்கும் குடும்பங்களுக்குக் கையில் வேலை இருப்பதில்லை. ராகியும் சாமையும் வீடு வந்து சேர்ந்துவிட்டன. இனி ஆடிப்பட்டம் வரை காட்டில் பெரிய வேலை கிடையாது. அந்த நேரம் பார்த்துத்தான் மேஸ்திரி ஊருக்குள் வருகிறார். பென்னாகரம் பக்கமானாலும் அரூர் பக்கமானாலும் பேச்சு ஒன்றுதான். "சூளையிலே கல் அறுக்க வர்றீங்களா? புருஷன் பெண்சாதி ஜோடியா வந்தா இவ்வளவு அட்வான்ஸ்" என்பார். மகள் கல்யாணக் கடனோ, ஆஸ்பத்திரிச் செலவோ, வறண்டுபோன ஆழ்துளைக் கிணற்றுக்கு வாங்கிய கடனோ கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். பணத்தை வாங்கிவிடுகிறோம்.

முன்பணம் வாங்குவது குற்றமல்ல, கொடுப்பதும் குற்றமல்ல. ஆனால் அந்தப் பணத்தைக் காட்டி ஓர் ஆளைப் பிடித்து வைப்பது குற்றம். இந்த வித்தியாசத்தைத்தான் இன்று தெளிவாகத் தெரிந்துகொள்ளப் போகிறோம்.

"கை நீட்டிக் காசு வாங்கிட்டோமுங்க, கணக்குத் தீர்ற வரைக்கும் இருந்துதானே ஆகணும்?" என்று நம் ஜனங்கள் கேட்பார்கள். நேர்மையான மனுஷன் கேட்கும் கேள்விதான் இது. ஆனால் சட்டம் இதற்கு வேறு பதில் சொல்கிறது. கடன் கடன்தான், ஆள் ஆள்தான். கடனைப் பணமாகக் கேட்கலாம். கொடுக்காவிட்டால் கோர்ட்டுக்குப் போகலாம். கடனுக்கு ஈடாக ஆளையோ, அவன் பெண்சாதியையோ, பிள்ளையையோ நிறுத்திவைக்க யாருக்கும் உரிமை கிடையாது.

நம் அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவு கட்டாய வேலை வாங்குவதைத் தடை செய்கிறது. அதை நடைமுறைக்குக் கொண்டுவர வந்ததுதான் 1976ஆம் ஆண்டு கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம். 1975 அக்டோபர் 25ஆம் தேதி முதலே இது செல்லும்.

கொத்தடிமை என்றதும் காலில் சங்கிலி போட்ட ஆளை நினைத்துக்கொள்ள வேண்டாம். சட்டம் நான்கு அடையாளங்கள் சொல்கிறது. முன்பணத்துக்காகவோ கடனுக்காகவோ கூலியே இல்லாமல், அல்லது அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது ஒன்று. வேறு இடத்துக்கு வேலைக்குப் போகக்கூடாது என்று தடுப்பது இரண்டு. ஊருக்கோ சந்தைக்கோ விருப்பப்படி போய்வர விடாதது மூன்று. தன் பொருளையோ, தன் உழைப்பில் விளைந்ததையோ சந்தை விலைக்கு விற்க விடாதது நான்கு. நான்கும் சேர்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. கடனும், அதனுடன் இவற்றில் ஏதாவது ஒன்றும் இருந்தாலே போதும்.

ஒப்பந்தம் வாய்ப்பேச்சாக இருந்தாலும் சரி, பத்திரத்தில் எழுதியிருந்தாலும் சரி, செல்லாது. "நானே சம்மதிச்சு கைநாட்டு வச்சேன்" என்றாலும் அந்தக் கைநாட்டு உங்களைக் கட்டாது. அப்பன் வாங்கிய முன்பணத்துக்காக மகன் போய் வேலை செய்யவேண்டும் என்பதும் செல்லாது.

"அட்வான்ஸ் கொடுத்ததுக்கு என் கையில ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லையே, யார் நம்புவாங்க?" என்ற பயம் பலருக்கு உண்டு. ஹரியானா மாநிலம் பரிதாபாத் பக்கத்துக் கல் குவாரிகளில் அடைபட்டிருந்த தொழிலாளர்களைப் பற்றி ஓர் அமைப்பு சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதியது. கோர்ட்டு அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டது. 1983 டிசம்பர் 16ஆம் தேதி வந்த தீர்ப்பு என்ன சொல்கிறது என்றால், ஒருவரிடம் கட்டாய வேலை வாங்கப்படுகிறது என்று தெரிந்தால், அது ஏதோ ஒரு முன்பணத்துக்காகத்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் முதலாளிதான் அதைக் காட்டவேண்டும் என்கிறது. சட்டத்தின் 15ஆவது பிரிவும் அப்படித்தான். 'இது கொத்தடிமைக் கடன்' என்று தொழிலாளி சொன்னால், 'இல்லை' என்று நிரூபிக்கும் பாரம் கடன் கொடுத்தவர் தலையில்தான்.

கொத்தடிமைக் கடன் என்று ஆகிவிட்டால் அந்தக் கடன் அதோடு ஒழிந்தது. திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. அதற்காக அடமானம் வைத்த நிலமோ பாத்திரமோ திரும்பி வரவேண்டும். ஒழிந்த கடனுக்குப் பிறகும் பணம் வாங்கினால், வாங்கியவருக்குத் தண்டனை. கொத்தடிமை வேலை வாங்குபவருக்கு 3 ஆண்டு வரை சிறையும், 2,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. பாதிக்கப்பட்டவர் ஆதிதிராவிடரோ பழங்குடியினரோ ஆக இருந்து, வேலை வாங்குபவர் அந்த வகுப்பினர் அல்லாதவராக இருந்தால், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும்.

இனி கணக்கு விஷயத்துக்கு வருவோம். ஆளைக் கட்டுவது பெரும்பாலும் கயிறு அல்ல, கணக்கு நோட்டுதான். பேச்சுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஜோடி 50,000 ரூபாய் முன்பணம் வாங்கிச் சூளைக்குப் போகிறது. வாரத்துக்கு 6,000 கல் அறுக்கிறது. ஆயிரம் கல்லுக்கு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாரக் கூலி 6,000 ரூபாய். செலவுக்கு வாரம் 2,500 ரூபாய் கொடுக்கிறார்கள். மீதி 3,500 ரூபாய் முன்பணத்தில் கழியவேண்டும். 20 வாரத்தில் கழிவது 70,000 ரூபாய். ஆக, முன்பணம் போக 20,000 ரூபாயைக் கையில் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பவேண்டும்.

ஆனால் சீசன் முடிவில் கணக்குப்பிள்ளை நோட்டைப் புரட்டி, "மழையிலே பச்சைக் கல் கரைஞ்சிடுச்சு, உடைசல் இவ்வளவு, ஆஸ்பத்திரிச் செலவு இவ்வளவு, இன்னும் 15,000 பாக்கி நிக்குது, அடுத்த வருஷமும் வந்து கழிச்சிடுங்க" என்றால் என்ன செய்வது? நோட்டு ஒன்றுதான், அதுவும் அவர் கையில். மறுத்துப் பேச நம்மிடம் எழுத்து இல்லை. 'எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா' என்று பெரியவர்கள் சொல்வார்கள். கடனுக்கு மட்டுமல்ல, கூலிக்கும் அது பொருந்தும்.

ஆகவே வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு சின்ன நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முன்பணம் எவ்வளவு, எந்தத் தேதி, யார் கொடுத்தது, ஆயிரம் கல்லுக்கு என்ன கூலி என்று முதல் பக்கத்தில் எழுதி, முடிந்தால் மேஸ்திரியின் கையெழுத்தும் வாங்குங்கள். பிறகு தினம் அறுத்த கல்லையும், வாரம் வாங்கிய காசையும் எழுதி வாருங்கள். எழுதத் தெரியாவிட்டால், படித்த பிள்ளையிடம் செல்போனில் சொல்லி ஊரிலேயே எழுதி வைக்கச் சொல்லலாம். ரேஷன் கார்டு, ஆதார் அட்டை அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள், நகல் போதும். சூளையின் பெயர், ஊர், தாலுகா, மேஸ்திரியின் போன் நம்பர் ஆகியவற்றை வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள். ஆபத்து நேர்ந்தால், எங்கே தேடுவது என்று வீட்டாருக்கு வழிகாட்டப் போவது அந்தத் துண்டுக் காகிதம்தான்.

மாட்டிக்கொண்டவர்களை மீட்பது எப்படி? மனுவை அவரே கொடுக்கவேண்டும் என்பதில்லை. அண்ணன், தம்பி, மாமன், மச்சான், பக்கத்து வீட்டுக்காரர், யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். வேலை செய்யும் இடம் எந்த மாவட்டமோ அந்தக் கலெக்டருக்கும், அந்தக் கோட்டத்து ஆர்.டி.ஓ.வுக்கும் மனு போகவேண்டும். அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால், தருமபுரியில் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள். நம் மாவட்டத்தில் தருமபுரி, அரூர் ஆகிய இரண்டு இடங்களில் ஆர்.டி.ஓ. அலுவலகம் இருக்கிறது. மனுவில் ஆட்களின் பெயர், வயது, எத்தனை பேர், எங்கே, எந்தத் தேதியிலிருந்து, முன்பணம் எவ்வளவு, என்ன தடுக்கிறார்கள் என்பதை எழுதினால் போதும். இலக்கணம் பார்க்கமாட்டார்கள். மனு கொடுத்ததற்கு ரசீது வாங்க மறக்காதீர்கள். அடி உதை என்றால் நேரம் கடத்தாமல் 112க்குப் போன் செய்யுங்கள்.

விசாரணையில் உண்மை என்று தெரிந்தால் விடுதலைச் சான்றிதழ் கொடுப்பார்கள். இந்தக் காகிதம் மிக முக்கியம். கடன் ஒழிந்ததற்கும், மறுவாழ்வு உதவி கேட்பதற்கும் இதுதான் ஆதாரம். மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கிடைக்கும். அதற்குமேல் மறுவாழ்வுத் தொகையாக ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் 2 லட்சம், மிகக் கொடுமையான நிலையிலிருந்து மீண்டவர்களுக்கு 3 லட்சம் ரூபாய் என்று 2016இல் நிர்ணயித்தார்கள். உடனடி உதவி சீக்கிரம் வரும். பெரிய தொகை வழக்கு நடப்பதைப் பொறுத்துத் தாமதமாகலாம். அதனால் சான்றிதழைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, விடாமல் கேட்டு வாங்கவேண்டும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், சிறுவர்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், கட்டாய வேலையில் சிக்கியவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். 15100 என்ற நம்பருக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

இதுவரை வேலைக்குப் போகிறவர்களுக்குச் சொன்னேன். வேலைக்கு ஆள் வைக்கிற நம்மவர்களுக்கும் சொல்லவேண்டியது உண்டு. கரும்பு வெட்டுக்கும், தக்காளி பறிக்கவும் நாமும்தான் அட்வான்ஸ் கொடுக்கிறோம். "காசு கொடுத்த நான் ஏமாறணுமா?" என்று நீங்கள் கேட்பது நியாயமே. பெரிய தொகையை ஒரே தடவையில் கொடுக்காமல், வேலையைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். இரண்டு சீட்டில் எழுதி ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். வாரா வாரம் கணக்கைப் படித்துக் காட்டுங்கள். ஆள் பாதியில் போய்விட்டால் பணத்தைக் கேளுங்கள்; ஆளைப் பிடித்து வைக்காதீர்கள், அவர் ஆட்டையோ வண்டியையோ ஓட்டி வந்துவிடாதீர்கள். அப்படிச் செய்தால் நியாயமான பாக்கிக்காரராக இருந்த நீங்கள் குற்றவாளி ஆகிவிடுவீர்கள்.

இன்னொரு வழக்கம். ஆடு மாடு மேய்க்க, வருஷத்துக்கு இவ்வளவு என்று பேசிப் பையனை விட்டுவிட்டு, அவன் அப்பா முன்பணம் வாங்கிக்கொள்கிறார். "சாப்பாடு போட்டு வச்சிக்கிறோம், நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி" என்று இவர்களும் சொல்வார்கள். 14 வயது நிரம்பாத பிள்ளையைக் கூலிக்கு வேலைக்கு வைப்பதே சட்டப்படி குற்றம். அதில் முன்பணமும் சேர்ந்தால் அது கொத்தடிமைதான். பையன் இருக்கவேண்டிய இடம் பள்ளிக்கூடம். அப்படி ஒரு பிள்ளையைப் பார்த்தால் 1098க்குத் தகவல் சொல்லுங்கள்.

எல்லாக் கடனும் இந்தச் சட்டத்தால் ரத்தாகிவிடும் என்று மட்டும் யாரும் நினைத்துவிட வேண்டாம். சுதந்திரமாகப் போய்வந்து, உரிய கூலி வாங்கி வேலை செய்கிறவர் பெற்ற முன்பணம் சாதாரணக் கடன்தான். அதை நாணயமாகக் கழித்துவிட வேண்டும்.

முன்பணம் வாங்கும்போது எழுதி வாங்குங்கள். உங்கள் கணக்கை நீங்களே வையுங்கள். போகவிடாமல் தடுத்தால் ஆர்.டி.ஓ.விடம் மனுச் செய்யுங்கள். வாங்கின கடனைக் கொடுக்கவேண்டியது நம் கடமை. ஆனால் கடனுக்காக மனுஷனை அடமானம் வைக்க நம் நாட்டுச் சட்டத்தில் இடமில்லை.