தறியையும் வயலையும் விடாமல் பட்டம் பெறும் வழி

நம் சங்க உறுப்பினர்களின் இல்லங்களில், பன்னிரண்டாம் வகுப்பு வரை நன்கு பயின்றும் அதற்கு மேல் தொடர இயலாமல் நின்றுவிட்டோர் பலர் உளர். செல்லூரிலும் சின்னாளபட்டியிலும் பரமக்குடியிலும் தறிக்குழியில் அமர்ந்து உழைப்போரிடையே இவர்களைக் காணலாம். மேலூர், வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கங்களில் நெல்லும் வெற்றிலையும் மல்லிகையும் பயிரிடுவோரிடையேயும் காணலாம். ஒருவர் கல்லூரிக்குச் சென்றால் வீட்டில் ஒரு தறி நிற்கும். நடவு நாளிலும் பூப்பறிக்கும் வேளையிலும் இரு கைகள் குறையும். இந்த நெருக்கடியே அவர்களுடைய படிப்பைத் தடுத்தது.

இத்தகையோர் இருந்த இடத்திலிருந்தே இளநிலைப் பட்டம் பெறுவதற்கு இந்நாளில் வழி உண்டு. அவ்வழியில் மெய்யும் பொய்யும் கலந்து கிடப்பதால், எது செல்லத்தக்கது, எவ்வகை உதவி கிடைக்கும், எவ்வளவு உழைப்பு வேண்டும் என்னும் மூன்றையும் பணம் கட்டுவதற்கு முன்னரே அறிந்துகொள்வது இன்றியமையாதது.

புதிய வழியன்று

வீட்டிலிருந்து பயின்று பட்டம் பெறும் முறை இன்று தோன்றியதன்று. கல்லூரியில் சேராதவரும் தேர்வெழுதிப் பட்டம் பெற லண்டன் பல்கலைக்கழகம் 1858-ஆம் ஆண்டிலேயே இடமளித்தது. நம் நாட்டில் டில்லிப் பல்கலைக்கழகம் 1962-இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிற்று. 1966-இல் நிறுவப்பெற்ற மதுரைப் பல்கலைக்கழகமும் 1971-இல் இத்துறையில் இறங்கியது. 1978-இல் காமராசர் பெயரைத் தாங்கிய அதே பல்கலைக்கழகந்தான் இது. பாடப் பொட்டலங்கள் தபாலில் வந்து சேர, பகலெல்லாம் வேலை பார்த்து இரவில் பயின்று பட்டதாரியானவர்களை நம் வட்டாரத்துக்கு நன்கு தெரியும்.

பின்னர் 1985-இல் நாடாளுமன்றச் சட்டத்தின்படி இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002-இல் நம் மாநிலச் சட்டத்தின்படி தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் அமைந்தன. இரண்டுக்கும் மதுரையில் மண்டல மையங்கள் உண்டு. தமிழ்வழியில் பயில விரும்புவோர்க்குப் பின்னது மிகவும் ஏற்றது. இவற்றுக்கு மேலாக, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், பாடம் முழுவதையும் இணையவழியிலேயே நடத்திப் பட்டம் வழங்கத் தகுதியுள்ள பல்கலைக்கழகங்களுக்கு இடமளித்துள்ளன.

ஏற்பு பெற்ற நிறுவனம் தொலைநிலையிலோ இணையவழியிலோ வழங்கும் பட்டம், கல்லூரிக்கு நேரில் சென்று பெற்ற பட்டத்திற்குச் சமமானது என்பதை இவ்வொழுங்குமுறைகள் கூறுகின்றன. 2022 செப்டம்பரில் குழு இதனை மீண்டும் அறிவித்தது. ஆகவே வீட்டிலிருந்து படித்த பட்டம் தாழ்ந்தது என்று எவரேனும் கூறின், நம் இளைஞர் மனந்தளர வேண்டுவதில்லை.

ஏற்பு உண்டா என்று பார்ப்பது முதல் வேலை

உழவர் சான்று விதை வாங்கும்போது மூட்டையில் நீல அட்டை இருக்கிறதா என்று பார்க்கிறார். நெசவாளர் நூல் வாங்கும்போது நம்பரையும் சாயத்தின் உறுதியையும் பார்க்கிறார். சில நூறு ரூபாய்ப் பண்டத்திற்கே இத்தனை கவனம் செலுத்தும் நாம், மூன்று ஆண்டு உழைப்பைப் போடும் படிப்பிற்கு அதனினும் மிகுதியான கவனம் செலுத்தக் கடமைப்பட்டுள்ளோம்.

ஏற்பு என்பது பல்கலைக்கழகத்தின் பெயருக்கு ஒரே தடவையில் கிடைத்துவிடுவதன்று. எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பட்டப்படிப்பு, எந்தக் கல்விப் பருவம் என்னும் மூன்றையும் சேர்த்தே அனுமதி தரப்படுகிறது. ஒரு பல்கலைக்கழகத்தின் வணிகவியல் படிப்புக்கு அனுமதி இருந்து, வேறொரு படிப்புக்கு இல்லாமற் போகலாம். சென்ற ஆண்டு இருந்த அனுமதி இவ்வாண்டு இல்லாமலும் போகலாம். மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பணியகத்தின் இணையதளத்தில் இப்பட்டியலை எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் மானியக் குழு வெளியிட்டு வருகிறது.

2024 செப்டம்பர்ப் பருவம் முதல், தொலைநிலையிலோ இணையவழியிலோ சேரும் ஒவ்வொரு மாணவரும் இப்பணியகத்தின் இணையதளத்தில் தாமே பதிவு செய்து அடையாள எண் பெறவேண்டும் என்னும் விதியும் வந்துள்ளது. அதற்கு முன்னதாக ‘டிஜிலாக்கர்’ வழியே கல்வி மதிப்பலகு வங்கியின் எண் ஒன்றையும் பெற்றுக்கொள்ள வேண்டும். “அதெல்லாம் வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம்” என்று கூறும் இடைத்தரகரிடமிருந்து விலகி நிற்பதே நலம். பல்கலைக்கழகங்கள் தம் படிப்பைத் தனியாருக்குக் குத்தகைபோல விட்டு நடத்துவதற்கு விதியில் இடமில்லை. கட்டணம் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கே நேராகச் செல்லவேண்டும். தனி மனிதரிடமோ, தெருவோரப் பயிற்சி நிலையத்திடமோ ரொக்கமாகத் தருதல் கூடாது.

உழவர் குடும்பத்தினர்க்குச் சிறப்பாக ஒன்று சொல்லவேண்டும். வேளாண்மை, தோட்டக்கலை ஆகியவற்றில் பட்டத்தைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ வழங்குவதற்கு அனுமதி இல்லை. பொறியியல், மருத்துவம், மருந்தியல், செவிலியம், சட்டம் ஆகியவையும் அவ்வாறே. 2025-இல் உளவியல், நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம், உணவு ஊட்டச்சத்து முதலியனவும் விலக்கப்பட்டவற்றுடன் சேர்க்கப்பட்டன. தொலைநிலையில் வேளாண்மைப் பட்டம் என்று விளம்பரம் வந்தால், அது செல்லாது என்று உடனே தெளியலாம்.

ஏற்பில்லாப் பட்டத்தால் நேரும் துன்பம் சிறிதன்று. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் சில உரிய அனுமதியின்றித் தொலைநிலையில் வழங்கிய பொறியியல் பட்டங்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரில் தீர்ப்பளித்தது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்கள், மீண்டும் ஒரு தேர்வெழுதித் தேறும்வரை நிறுத்திவைக்கப்பட்டன. அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டங்கள் செல்லாதவை ஆயின. பணமும் இளமையும் செலவழிந்த பிறகு வந்த தீர்ப்பு அது.

பத்து, பன்னிரண்டு, மூன்று

இன்னொரு விதியையும் மனத்தில் இருத்துதல் வேண்டும். திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் சில, பள்ளிப் படிப்பை முடிக்காதவரையும் ஓர் ஆயத்தப் படிப்பின் வாயிலாகப் பட்டப்படிப்பில் சேர்த்துக்கொண்டன. அறிவு வளர்ச்சிக்கு அது நல்லதே. ஆயினும் வேலைக்கு அது போதாது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, மூன்றாண்டுப் பட்டம் என்னும் வரிசையில் பயின்றிருக்கவேண்டும் என்பது தமிழக அரசுப் பணிகளுக்கான நிபந்தனை. அடிப்படைப் பட்டமின்றித் திறந்தநிலையில் பெற்ற முதுகலைப் பட்டம் பணிக்குச் செல்லாது என்று உச்ச நீதிமன்றமும் 2009-இல் கூறியிருக்கிறது.

நம் கூட்டுறவு நிறுவனங்களில் உதவியாளர் பணிக்கு விளம்பரம் வரும்போதும் இவ்வரிசையில் பெற்ற பட்டமும், அதனுடன் கூட்டுறவுப் பயிற்சியும் கேட்கப்படுவதை உறுப்பினர்கள் கண்டிருப்பர். ஆதலால் எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ நின்றவர்கள், முதலில் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பையும் பின்னர் பன்னிரண்டாம் வகுப்பையும் தேறிவிட்டு, அதன் பிறகே பட்டப்படிப்பில் சேர்தல் சாலச் சிறந்தது. இரண்டு மூன்று ஆண்டுகள் கூடுதலாகச் செலவாயினும் அஸ்திவாரம் உறுதிப்படும்.

உதவி எங்கே கிடைக்கும்?

திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களில் கலை, வணிகவியல் படிப்புகளின் கட்டணம் ஆண்டொன்றுக்குச் சில ஆயிரம் ரூபாய்தான். இதற்காக வட்டிக்குக் கடன் வாங்குவது தேவையற்றது. வாரந்தோறும் சிறுதொகை எடுத்துவைத்தாலே ஆண்டுக் கட்டணம் சேர்ந்துவிடும்.

நெசவாளர் குடும்பங்களுக்கு ஒரு தனிச் சலுகை ஏற்பட்டது. 2016 ஆகஸ்டு 7, தேசியக் கைத்தறி தினத்தன்று, மத்திய ஜவுளி அமைச்சகம் இந்திராகாந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துடனும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியுடனும் உடன்படிக்கை செய்துகொண்டது. அதன்படி, கைத்தறிக் குடும்பங்களைச் சேர்ந்த பெண்கள், பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர், வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ளோர் ஆகியோரின் கட்டணத்தில் 75 விழுக்காட்டை அமைச்சகமே ஏற்பதாக அறிவித்தது. இத்தகைய திட்டங்களுக்குக் கால எல்லையும் நிதி ஒதுக்கீடும் உண்டு. எனவே சேருமுன், நெசவாளர் அடையாள அட்டையுடன் கைத்தறித் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் இவ்வாண்டு நிலையைக் கேட்டறிய வேண்டும்.

பட்டியல் வகுப்பு மாணவர்க்கான மத்திய அரசின் மேற்படிப்பு உதவித்தொகை விதிகளில் தொலைநிலையில் பயில்வோரும் கருதப்படுகின்றனர்; பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 இலட்சம் ரூபாய்க்கு மேற்படலாகாது. இந்திராகாந்தி பல்கலைக்கழகமும் பல படிப்புகளில் பட்டியல் வகுப்பினர்க்கும் பழங்குடியினர்க்கும் கட்டண விலக்கு அளித்து வந்துள்ளது. கட்டணம் செலுத்துமுன் அவ்வாண்டுக் கையேட்டைப் பார்த்து இவ்விலக்கைக் கோரவேண்டும். பணம் கட்டிய பின் திரும்பப் பெறுவது எளிதன்று.

ஆங்கிலமும் கணிதமும் நன்கு வரும் பிள்ளைகளுக்குச் சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய தரவு அறிவியல் இணையவழிப் படிப்பு உண்டு. நான்கு வாரப் பாடமும் ஒரு தகுதித் தேர்வுமே அதற்கு வாயில். இதன் முழுச் செலவு சில இலட்சம் ரூபாயை எட்டும். வகுப்பையும் குடும்ப வருமானத்தையும் ஒட்டி 75 விழுக்காடு வரை கட்டணச் சலுகை உள்ளது. முழுப்பட்டம் முடிக்க இயலாதவர் இடையிலேயே சான்றிதழோ பட்டயமோ பெற்று வெளியேறவும் வழி வைத்துள்ளனர். பணம் செலவழிக்காமல் இணையவழிப் பயிற்சி தமக்கு ஒத்துவருமா என்று பார்க்க விரும்புவோர், 2017-இல் மத்திய அரசு தொடங்கிய ‘ஸ்வயம்’ தளத்தில் ஒரு பாடத்தைக் கட்டணமின்றிக் கேட்டுப் பார்க்கலாம். தேர்வெழுதிச் சான்றிதழ் பெறுவதற்கே கட்டணம் உண்டு.

கிடைக்காதவற்றையும் சொல்லிவிடுவது முறை. அரசுப் பள்ளியில் பயின்ற பெண்கள் கல்லூரிக்குச் சென்றால் மாதம் 1,000 ரூபாய் வழங்க 2022-இல் தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டம், தொலைநிலையில் பயில்வோர்க்கு உரியதன்று. முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையும் தொழிற்கல்விக்கே உரியது. ஆகையால், இப்போதுதான் பள்ளிப் படிப்பை முடித்து, நாள்தோறும் போய்வரத்தக்க தூரத்தில் அரசுக் கல்லூரியும் உள்ள பெண்ணை, வீட்டு வேலைக்கு ஆள் வேண்டுமென்று அஞ்சல்வழியில் சேர்ப்பது அவளுக்கு நட்டமாகும். கல்லூரிக்குப் போக உண்மையிலேயே இயலாதவர்க்காகவே இவ்வழி அமைந்துள்ளது.

எவ்வளவு நேரம் வேண்டும்?

சேர்வோர் பலரும் இடையில் நிற்பதற்கு நேரத்தைக் கணக்கிடாமையே பெருங்காரணம். இந்திராகாந்தி பல்கலைக்கழகத்தின் கணக்கில் ஒரு மதிப்பலகு என்பது 30 மணி நேரப் படிப்பு. 120 மதிப்பலகு கொண்ட பட்டத்திற்கு 3,600 மணி நேரம் ஆகும். மூன்று ஆண்டில் முடிக்கவேண்டுமாயின் நாள்தோறும் மூன்று மணிக்குச் சற்று மேல் தேவை. அங்கு ஆறு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. அவ்வளவு காலம் எடுத்துக்கொண்டால் நாளொன்றுக்கு ஒன்றே முக்கால் மணிக்கு உட்பட்டே முடிக்கலாம். தீபாவளி, பொங்கல் நெருக்கத்தில் நெசவாளர்க்கும், நடவு அறுவடைக் காலங்களில் உழவர்க்கும் ஓய்வு கிட்டாது. அங்குத் தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் நடைபெறுவதால், ஒப்படைப்புகளை முன்கூட்டியே எழுதி அனுப்பிவிடுதல் அவசியம்.

வீட்டாரும் இக்கணக்கில் பங்குகொள்ள வேண்டும். தறி வேலையும் அடுப்படி வேலையும் ஒருங்கே பார்க்கும் மருமகளிடம் “நீயும் படியேன்” என்று சொல்வது எளிது. அந்த ஒன்றே முக்கால் மணி நேரத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்து, அவ்வேளை வேலையைப் பிறர் ஏற்றுக்கொண்டால்தான் அச்சொல்லுக்குப் பயன் உண்டு.

சங்கங்கள் ஆற்றக்கூடிய பணி

தனியொருவர்க்குக் கடினமானது கூட்டாகச் செய்தால் இலகுவாகும் என்பதை நாம் நூல் கொள்முதலிலும் உர விநியோகத்திலும் கண்டறிந்திருக்கிறோம். ஒவ்வொரு சங்கமும் தன் அலுவலகத்தில் ஒரு கணினியையும் மாலை வேளையில் ஓர் அறையையும் பயில்வோர்க்கு ஒதுக்கித் தரலாம். ஏற்புப் பட்டியலைச் சேர்க்கைக் காலத்திற்கு முன் அச்செடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். ஒரே படிப்பில் நால்வர் சேர்ந்தால் புத்தகத்தைப் பகிர்ந்துகொள்வர். ஒருவர் சோர்ந்தால் மற்றவர் இழுத்துவருவர். கட்டணத் தேதிக்குச் சில நூறு ரூபாய் குறைகிறவர்க்குச் சிக்கனக் கணக்கிலிருந்து முன்பணம் தருவது பற்றியும், துணைவிதிகளுக்கு உட்பட்டு, நிர்வாகக் குழுவினர் ஆலோசிக்கலாம்.

வணிகவியல் பயின்ற நெசவாளர் தம் சங்கத்தின் வரவு செலவுக் கணக்கைத் தாமே படித்துப் பொதுக்குழுவில் வினா எழுப்ப வல்லவராவார். உரிய பயிற்சியும் பெற்றால் அச்சங்கத்தின் பணிக்கே மனுச் செய்யும் தகுதியையும் அடைவார். உறுப்பினர் இல்லங்களில் படிப்பு நின்றோர் யார் யார் என்று அடுத்த பேரவைக் கூட்டத்திற்கு முன் ஒரு பட்டியல் எடுத்து, விருப்பமுள்ளோர்க்கு வழிகாட்ட முன்வருமாறு நிர்வாகிகளை அன்புடன் வேண்டுகிறோம்.