ஸ்டென்ட் வைத்த பிறகும் மாத்திரை எதுக்கு? பதில் அதன் மேல்பூச்சில் இருக்கு!

பசுமலையில் இருக்கும் அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தாச்சு, நெஞ்சுவலியும் போயிடுச்சு. அப்புறம் எதுக்கு இத்தனை மாத்திரை? பல வீடுகளில் எழும் கேள்வி இது.

ஸ்டென்ட் என்பது பெரும்பாலும் கோபால்ட்-குரோமியம் கலவையில் செய்த மெல்லிய வலைக்குழாய். ரத்தத்துக்கு உலோகம் அந்நியப் பொருள். தட்டணுக்கள் அதில் ஒட்டி ரத்தம் உறைந்தால், மறுபடி மாரடைப்பு வரலாம்.

மேல்பூச்சு எதுக்கு?

பூச்சு இல்லாத ஸ்டென்டுக்குள் சிலருக்குச் சதை வளர்ந்து மீண்டும் அடைத்தது. அதைத் தடுக்க, சிரோலிமஸ் போன்ற மருந்தை பாலிமரில் கலந்து பூசினார்கள். அடைப்பு குறைந்தது. ஆனா, உலோகத்தை மூட வேண்டிய ரத்தக்குழாயின் உட்சுவர் செல்கள் வளர்வதும் தாமதமாச்சு. நிரந்தரமாகத் தங்கிய பாலிமர், சிலருக்கு அழற்சியையும் தந்தது.

அடுத்து வந்தது என்ன?

மருந்தைக் கொடுத்துவிட்டு, காலப்போக்கில் தானும் கரைந்துபோகும் பாலிமர். குஜராத்தின் சூரத் நிறுவனம் தயாரிக்கும் ‘சுப்ராஃப்ளெக்ஸ்’ இந்த வகைதான். ஐரோப்பாவில் 1,435 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், முன்னணி வெளிநாட்டு ஸ்டென்டுக்கு இது சளைத்ததல்ல எனத் தெரிந்தது. 2019-ல் ‘லான்செட்’ இதழில் முடிவு வெளியானது.

அப்போ மாத்திரை?

எந்தப் பூச்சு இருந்தாலும், செல்கள் வளர்ந்து ஸ்டென்டை மூட நாளாகும். அதுவரை காவல், ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரல் போன்ற இன்னொரு மாத்திரையும்தான். பல் பிடுங்கவோ வேறு ஆபரேஷனுக்கோ போனாலும், இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்திடாதீங்க.