காத்திருக்க வைக்காத கவுண்ட்டர்

பொறியியல் பட்டம் பெற்ற தமிழக இளைஞர்கள் பலர் மென்பொருள் பயிற்சியையும் பணியையும் நாடிப் புனே நகருக்குச் செல்கின்றனர். 1988இல் அங்கு நிறுவப்பட்ட சி-டாக் மையம், 1991இல் ‘பரம் 8000’ என்னும் மீத்திறன் கணினியை உருவாக்கிப் பெயர் பெற்றது. நுழைவுத் தேர்வின் வழியே சேரக்கூடிய அதன் ஏறத்தாழ ஆறு மாதப் பட்டயப் படிப்பில் வலை நிரலாக்கமும் ஒரு பாடமாகும். அத்துறையில் இன்று தவிர்க்க இயலாத ஒன்று, சர்வரில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட்.

1995இல் பிரெண்டன் ஐக் நெட்ஸ்கேப் உலாவிக்காக உருவாக்கிய இம்மொழி, நெடுங்காலம் பெரும்பாலும் உலாவிக்குள்ளேயே இயங்கி வந்தது. 2009இல் ரயன் டால், கூகுளின் வி8 இயந்திரத்தைக் கொண்டு ‘நோட் ஜேஎஸ்’ஸை உருவாக்கி, அதனைச் சர்வருக்குக் கொண்டுவந்தார்.

இதன் அடிப்படையை ஒரு வங்கிக் கிளையைக் கொண்டு விளக்கலாம். கவுண்ட்டரில் ஒரே ஓர் ஊழியர். முதல் வாடிக்கையாளரின் விண்ணப்பத்தைப் பெற்று உள்ளே அனுப்புகிறார்; பதில் வரும்வரை சும்மா இராமல் அடுத்த டோக்கனை அழைக்கிறார். பதில் வந்ததும் உரியவரை அழைத்துக் கொடுக்கிறார். நோட் இயங்குவதும் இவ்வாறே. பரம் 8000 பல செயலிகளை ஒருங்கே உழைக்கச் செய்து வேகம் கண்டது. நோட், காத்திருக்கும் நேரத்தை வீணாக்காமல் வேகம் காண்கிறது. ஆனால் அந்த ஊழியரே நீண்ட கணக்கொன்றைப் போட அமர்ந்துவிட்டால் வரிசை முழுவதும் நின்றுவிடும். எனவே கடும் கணக்கீடுகளை வேறிடத்திற்கு ஒப்படைக்க வேண்டும்.

கற்கத் தொடங்குவோர் நோட் மென்பொருளை இலவசமாகவே நிறுவிக்கொள்ளலாம். முதற்பயிற்சியாக, அசலையும் வட்டித் தொகையையும் பெற்று, முதிர்வுத் தொகையைத் திருப்பித் தரும் சிறு சர்வர் ஒன்றை எழுதிப் பாருங்கள். இணைய முகவரியின் வழியே வரும் எண்கள் எழுத்துகளாகவே வந்து சேரும். அவற்றை எண்ணாக மாற்றாமல் கூட்டினால் 1000உம் 50உம் சேர்ந்து 1050 ஆகாது; ஒட்டிக்கொண்டு 100050 ஆகிவிடும். ஆயிரம் ரூபாய் போட்டவருக்கு ஒரு இலட்சத்து ஐம்பது ரூபாய்!

அடுத்து, அசலுக்குப் பதிலாக ஒரு குறை எண்ணை அனுப்பிப் பாருங்கள். உலாவியில் வைத்த தடையைப் பயனர் நீக்கிவிட இயலும். ஆகவே இறுதிச் சரிபார்ப்பு சர்வரிலேயே நிகழ வேண்டும். கைப்பேசியில் நாம் பணம் அனுப்பும்போதும், இருப்பு போதுமா என்பதை முடிவு செய்ய வேண்டியது நம் கையிலுள்ள திரையன்று, வங்கியின் சர்வரே. வகுப்பில் சேருமுன் இவ்விரு பிழைகளையும் தாமே செய்து திருத்தியவருக்கு அதன்பின் வரும் பாடங்கள் எளிதாகும்.