விசா கேட்காத தீவு

மண்டைதீவுக் கடற்கரையில் ஒரு பின்னேரம் வகுப்புப் பிள்ளைகளோடு நின்றேன். ஒருவன் கேட்டான்: "சேர், நாங்கள் இந்தியாவுக்குப் போறதெண்டா பாஸ்போட், விசா எல்லாம் வேணும். கச்சதீவுத் திருவிழாவுக்கு மட்டும் அவங்கள் எப்பிடிச் சும்மா வாறாங்கள்?"

"ஒப்பந்தம் அப்படி" என்று சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால் பக்கத்தில் வலை திருத்திக்கொண்டிருந்த பெரியவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். "திருவிழாவுக்கு வந்தா ஆர் கேக்கப்போறம் மாஸ்டர்? மடி இழுக்க வாறதுதான் பிரச்சினை." பையனின் கேள்விக்கும் பெரியவரின் பதிலுக்கும் இடையில்தான் முழு விசயமும் கிடக்கிறது.

ஒரு காலத்தில் இந்தக் கடலைக் கடக்கப் பெரிய கடதாசிக் கெடுபிடி இருக்கவில்லை. 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. என் வாப்பாவின் வாப்பா அதில் ஏறிப் போய்ச் சரக்குக் கொண்டுவந்த கதை எங்கள் வீட்டில் இன்றைக்கும் உண்டு. இலங்கை சுதந்திரம் பெற்றதும் 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவரவு, குடியகல்வுச் சட்டம் வந்தது. அதன் பிறகு கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் கரையேறியவன் குற்றவாளி. "கள்ளத்தோணி" என்ற சொல் வசையாக எத்தனை பேர் மேல் வீசப்பட்டது என்பதை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பொதுவிதிக்கு ஒரு விலக்குத்தான் கச்சதீவு. நெடுந்தீவுப் பிரதேச செயலகத்தின் கீழ் வரும், ஏறத்தாழ 285 ஏக்கர் நிலம். குடியிருப்பு இல்லை, அந்தோனியார் கோயில் மட்டும் உண்டு. 1974 ஜூன் 26இலும் 28இலும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்திரா காந்தியும் ஒப்பமிட்ட உடன்படிக்கையின் 5ஆவது உறுப்புரை சொல்வது இதுதான்: இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே கச்சதீவுக்கு வந்து போகலாம். அதற்கு அவர்களிடம் இலங்கை பயண ஆவணமோ விசாவோ கேட்காது.

"முன்போலவே" என்ற சொல்லைக் கவனியுங்கள். அந்த "முன்பு" வெறும் வாய்ப்பேச்சல்ல. 1880இல் இராமநாதபுரம் பக்கத்துத் தீவுகளில் சாயவேர் எடுப்பதற்கு எழுதப்பட்ட குத்தகைப் பத்திரத்தில் கச்சதீவும் இருந்தது. குத்தகைக்காரர்களில் ஒருவர் முகம்மது அப்துல் காதர் மரக்காயர். நம்மவர்களின் பெயரும் இந்தக் கடலின் பத்திரங்களில் இருக்கிறது என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

விசா இல்லை என்றால் கடதாசியே இல்லை என்று பிள்ளைகள் நினைத்துவிட்டார்கள். அப்படியல்ல. திருவிழாவுக்கு வருகிறவர் தன் கரையிலேயே பெயர் பதிய வேண்டும், அடையாள அட்டை காட்ட வேண்டும், பதிவான படகில்தான் ஏற வேண்டும். இந்தப் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கும் யாழ்ப்பாணச் செயலகத்தின் ஒழுங்குகள் உண்டு. கடதாசி வேறு உருவத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டுக் காணி உறுதியைக்கூடக் கையில் எடுக்க முடியாமல் போன நமக்குக் கடதாசியின் பெறுமதி தெரியும்.

இனிப் பெரியவரின் பேச்சு. 5ஆவது உறுப்புரை தருவது தீவுக்கு வந்து போகும் உரிமை. மீன்பிடி பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. 6ஆவது உறுப்புரை இரு நாட்டுக் கலங்களின் பாரம்பரிய உரிமைகளைப் பேசுவதால் அதைப் பிடித்துக்கொண்டு வாதிடுகிறவர்கள் உண்டு. ஆனால் 1976 மார்ச் 23இல் இரு அரசுகளும் பரிமாறிய கடிதங்கள், ஒருவர் கடலில் மற்றவர் அனுமதியின்றி மீன்பிடிக்கக் கூடாது என்று தெளிவாகவே சொல்லிவிட்டன. கரையில் உட்கார்ந்து வலை காயப்போடுவது வேறு, கோட்டைத் தாண்டி இழுவைமடி போடுவது வேறு. இழுவைமடி கடலின் அடியைச் சுரண்டிக் குஞ்சு குருமானையும் அள்ளிப் போகிறது, நம் ஆட்களின் வலையையும் அறுத்துப் போகிறது. நம் நாடே 2017இல் அதைச் சட்டத்தால் தடைசெய்தது. அடுத்த வருடம் வெளிநாட்டுப் படகுகளுக்கான தண்டத்தைப் பல மில்லியன் ரூபாவாக உயர்த்தியது.

பிடிபட்டால் யார் மாட்டுவது? முதலாளி கரையில் இருக்கிறார். மாட்டுவது படகை ஓட்டியவன். 2024 பெப்ரவரியில் ஊர்காவற்றுறை நீதிமன்றம் கூட வந்த தொழிலாளர்களை விடுவித்துவிட்டு, படகோட்டிகள் இருவருக்கு ஆறு மாதமும், முன்பும் பிடிபட்ட ஒருவருக்கு ஒரு வருடமும் சிறை விதித்தது. அதற்கு எதிர்ப்பாக இராமேஸ்வரம் மீனவர்கள் அந்த வருடத் திருவிழாவுக்கே வரவில்லை. விசா கேட்காத ஒரே வாசலை அவர்களே அடைத்துக்கொண்டார்கள். கூலிக்கு ஓட்டியவன் சிறைக்குப் போவது எனக்கும் உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் வலை அறுந்து நிற்கிறவனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு தீர்ப்பைக் குறை சொல்ல வாய் வரவில்லை.

இன்னொரு வாசலும் இப்போது இருக்கிறது. 2023 ஒக்ரோபர் 14இல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி தொடங்கியது. அதில் வருகிறவருக்குக் கடவுச்சீட்டும் வேண்டும், விசா ஒழுங்கும் வேண்டும்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது பையன் பெரியவரிடம் திரும்பினான். "அப்ப, நீங்கள் கோட்டைத் தாண்டிப் போயிருக்கிறியளோ?" பெரியவர் சிரித்தார். "எஞ்சின் பழுதாகி ஒருக்கா அந்தப் பக்கம் அடிபட்டுப் போனன் தம்பி. சாப்பாடு தந்தவங்கள். பிறகு பொலிசு வந்தது."