புதிய கலைத்திட்டம்: வன்னி ஆசிரியருக்கு யார் சொல்லித்தருவது?

தரம் 1, தரம் 6 ஆகியவற்றில் புதிய கலைத்திட்டம் 2026 ஜனவரியில் தொடங்கும் என்று அரசு அறிவித்திருந்தது. அந்த நாள் நெருங்க நெருங்க, வன்னி ஆசிரியர்களின் கடிதங்களில் ஒரே கேள்விதான் இருந்தது: எங்களுக்கு யார் பயிற்சி தருவார்கள்?

மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் மாகாண வளவாளர்களைப் பயிற்றும். அவர்கள் வலயத்துக்குத் திரும்பி ஆசிரியர்களுக்குச் செயலமர்வு நடத்துவார்கள். குறைந்த செலவில் நாடு முழுவதையும் எட்டிவிடலாம் என்பதே இந்தப் படிமுறைப் பயிற்சியின் கவர்ச்சி.

சிக்கலும் அங்கேதான். மேலே நாள்கணக்கில் நடப்பது கீழே மணித்தியாலங்களாகச் சுருங்குகிறது. முதலில் வெட்டுப்படுவது கலந்துரையாடல். ஒட்டுசுட்டான் பக்கத்துச் சிறு பாடசாலையில் இரண்டு மூன்று தரங்களை ஒன்றாக வைத்துக் கற்பிப்பவர், "இதை என் வகுப்பில் எப்படிச் செய்வது?" என்று கேட்டால், அந்தக் கேள்வி மகரகமவுக்குத் திரும்பிப் போக வழியில்லை. இருபது வருட அனுபவமுள்ளவர் வெறும் கேட்போராக இருந்துவிட்டு வீடு போகிறார். நாளை 'பயிற்றப்பட்டோர்' தொகை வெளிவரும்போது, அது செயலமர்வுக்கு வந்தவர்களின் தொகை என்றே வாசிக்க வேண்டும். வகுப்பறை மாறியதா என்பதை அது சொல்லாது.

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பாடசாலைகளுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்துபோகும் ஆசிரியர்கள் பலர். கஷ்டப் பிரதேசச் சேவை முடிந்து இடமாற்றம் கிடைத்தால், பயிற்சியும் அவர்களோடு போய்விடும்.

ஆசிரியர்களைப் பயிற்றுவோருக்கு வன்னியில் பஞ்சமில்லை. வவுனியா பூந்தோட்டத்தில் தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. வலயங்களில் ஆசிரிய ஆலோசகர்கள் இருக்கிறார்கள். ஆனால் கல்லூரி மத்திய அமைச்சின் கீழ். 1987 இன் 13ஆம் திருத்தத்துக்குப் பின் வலயங்கள் மாகாணத்தின் கீழ். ஒரே தொழிலைச் செய்யும் இரு தரப்பும் ஒரு மேசையில் அமர்வது அவரவர் ஆர்வத்தைப் பொறுத்தது. ஜப்பானில் ஆசிரியர்கள் கூடிப் பாடம் திட்டமிட்டு, ஒருவர் கற்பிக்க மற்றவர்கள் பார்த்து, பின்னர் அலசுகிறார்கள். விரிவுரையாளரும் ஆலோசகரும் அப்படி ஒரு வகுப்பறையின் பின்வரிசையில் சேர்ந்து அமர்ந்தால், கேள்வி கேட்ட இடத்திலேயே விடை தேடலாம்.

இனி, ஆசிரியர்களுக்கு எழக்கூடிய சில கேள்விகள். பட்டப்பின் கல்வி டிப்ளோமா போதாதா? அது கற்பித்தற் கோட்பாட்டைத் தரும். புதிய பாட அலகுகளை அறிமுகம் செய்யாது.

செயலமர்வைத் தவறவிட்டால்? வலயக் கல்வி அலுவலகத்தில் உங்கள் பாட ஆலோசகரைக் கேளுங்கள்.

கல்லூரி விரிவுரையாளர் பாடசாலைக்கு வருவாரா? மூன்றாம் ஆண்டுக் கட்டுறு பயிலுநர்களைப் பார்க்க வருவார். அன்று ஒரு பாடவேளை ஆசிரியர்களோடும் அமரும்படி அதிபர் கேட்கலாம்.